விதானத்துக்கு வெயில் பிடித்த வேலை

போன மாதம் எங்கள் காட்சிசாலைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவன் பழைய இடத்துக்குப் போய் நின்றால் வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறவன் நான். அதனால் வாசலோடு பேசிவிட்டுத் திரும்பத்தான் எண்ணியிருந்தேன். புதிதாகச் சேர்ந்த இருவரும் விடவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒரு பெரிய பேட்டரி விளக்கைக் காட்டினார்கள். திருப்பருத்திக்குன்றத்துக்கு ஆட்களை அழைத்துப் போகும்போது இனி அதைத்தான் எடுத்துப் போவார்களாம். பொத்தானை அழுத்தியதும் சுவரில் வெள்ளை வட்டம் விழுந்தது. நல்ல விளக்குதான்.

மூலையில் கோணி சுற்றிச் சாய்த்து வைத்திருந்த நிலைக்கண்ணாடியைக் காட்டி, "இது எதுக்கு சார் இங்க கிடக்குது? காப்பாளர் தலை வாரிக்கவா?" என்று ஒருவர் கேட்டார்.

நான் சிரித்தேன். அது எதற்கு என்று சொல்லத் தொடங்கினேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. பாதியில் நிறுத்திவிட்டு, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வாலாஜாபாத். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையை நான் முட்டி மோதித் தாண்டினேன். பிறகு பல இடங்களில் பல வேலைகள் பார்த்து, நடு வயதில்தான் காஞ்சிபுரத்துக் காட்சிசாலையில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சின்னக் காட்சிசாலை அது. மொத்தமே இரண்டு அறைகள். கிணறு தோண்டும்போது கிடைத்த புத்தர் சிலை ஒன்று, மூக்கு உடைந்த துவாரபாலகர் ஒருவர், பழைய காசுகள், ஒரு பீரங்கிக் குண்டு, சாயம் அரைக்கிற கல், ஓலைச்சுவடிகள் கொஞ்சம். தூசி தட்டுவதும் கதவு திறந்து மூடுவதும் என் வேலை.

காப்பாளர் கோதண்டராமன் என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவரை நான் சார் என்று சொல்லும்போது அது வெறும் மரியாதைக்காக வந்ததில்லை. அவரைப் போல ஒரு பொருளின் முன்னால் நிற்கத் தெரிந்தவரை நான் கண்டதில்லை. காலையில் வந்ததும் செருப்பை வாசலில் விடுவார். புத்தரின் முன்னால் போய் நிற்பார். கும்பிட மாட்டார். தொட மாட்டார். தினமும் பார்க்கிற அதே கல்லை, ஊரிலிருந்து வந்த உறவுக்காரரைப் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மேஜைக்குப் போவார்.

வருகிறவர்களிடம் அவர் முதலில் எதுவும் சொல்ல மாட்டார். அவர்களாகப் பார்த்து முடித்து, அவர்களாக ஒரு கேள்வி கேட்கும் வரை பக்கத்தில் நிற்பார். எந்தக் காலத்துச் சிலை என்று எடுத்த எடுப்பில் யாராவது கேட்டால், "பாருங்க. அப்புறம் சொல்றேன்" என்பார். என்னிடம் ஒருநாள், "தேதி சொன்னா எழுதிக்குவாங்க சகாயம். பார்க்க மாட்டாங்க" என்றார்.

அந்தக் காலத்தில் மெட்ராஸில் ஏதாவது மாநாடு நடந்துகொண்டே இருக்கும். டாக்டர்கள் மாநாடு, ஆசிரியர்கள் மாநாடு, விவசாயப் பண்டிதர்கள் மாநாடு என்று வரும். மாநாட்டில் ஒரு நாளை ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஒதுக்குவார்கள். அன்று பஸ் எங்கள் ஊருக்கு வரும். காலையில் பெரிய கோயில்கள், பிறகு எங்கள் காட்சிசாலை, பிறகு பட்டுக் கடை, கடைசியாகத் திருப்பருத்திக்குன்றம். இந்த வரிசையில் பட்டுக் கடை என்கிற இடம் மட்டும் எங்கள் கையில் இல்லை. உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பஸ் டிரைவர் ஒருவர் சொல்வார்: "கோயில்ல சாமியைக் கும்பிட அஞ்சு நிமிஷம். கடையில புடவையைக் கும்பிட அரை நாள். நான் தூங்கிக்கினு இருக்கேன், எழுப்பு."

திருப்பருத்திக்குன்றம் ஊரை ஒட்டிய கிராமம். அங்கே சமணர் கோயில் மண்டபத்தின் மேற்கூரை முழுவதும் ஓவியம். சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் கதையை வரிசை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் மண்டபம் இருட்டு. வெளி வெயிலிலிருந்து உள்ளே போகிறவன் அண்ணாந்து பார்த்தால் கரிப்பிடித்த கல்தான் தெரியும். தீப்பந்தமோ எண்ணெய் விளக்கோ மேலே நீட்டினால் புகை ஓவியத்தில் படியும். அதற்குத்தான் நிலைக்கண்ணாடி.

கண்ணாடியை நான் வெளி முற்றத்தில் வெயில் படும் இடத்தில் பிடிப்பேன். என் கண்ணாடியிலிருந்து வெயில் மண்டபத்துக்குள் பாயும். அங்கே காப்பாளர் கையில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அவர் அதில் வெயிலை வாங்கி மேலே திருப்புவார். வெயிலின் வட்டம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மெல்ல நகரும். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. பழக எனக்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பிடித்தது. கண்ணாடியைப் பிடித்திருக்கிறவன் கை ஒரு நூலளவு அசைந்தால் மேலே வெளிச்சம் ஒரு முழம் குதிக்கும். மூச்சு வாங்கினால் தெரியும். விரலில் நாடி அடிப்பதுகூடத் தெரியும். முதல் முறை நான் பிடித்தபோது, மேலே பயந்த ஆட்டுக்குட்டி ஓடுகிற மாதிரி வெளிச்சம் ஓடியதாகக் காப்பாளர் சொன்னார். பிறகு கண்ணாடியின் அடிப்பாகத்தைத் தொடையில் ஊன்றி, முதுகை மதிலில் சாய்த்து, வெயிலைப் பார்க்காமல் கண்ணாடியின் விளிம்பை மட்டும் பார்க்கப் பழகினேன். மதில் நிழல் நகர்ந்து வர வர நானும் இடம் மாறுவேன். என்னை யாரும் பார்ப்பதில்லை, நானும் யாரோடும் பேச வேண்டியதில்லை. என் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இருந்திருக்காது.

காப்பாளருக்கு அங்கே ஒரு முறை உண்டு. வந்தவர்களை முதலில் இருட்டில் பாயில் படுக்க வைப்பார். "அண்ணாந்து நின்னா கழுத்து வலிக்கும். கழுத்து வலிச்சா கண்ணு மூடிக்கும்" என்பார். படுத்த பிறகு யாரும் பேசக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகி, மேலே ஏதோ இருக்கிறது ஆனால் என்னவென்று தெரியவில்லை என்கிற நிலைக்கு எல்லோரும் வந்ததும் ஒரு முறை தொண்டையைச் செருமுவார். அதுதான் எனக்கு அடையாளம். நான் கண்ணாடியைத் திருப்புவேன். அந்த நொடியில் உள்ளேயிருந்து வருகிற சத்தத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், ஒரே சத்தம்தான். மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான் கிறிஸ்தவன். அந்தக் கதைகள் என் வேதத்தில் இல்லை. ஆனாலும் சிலிர்க்கும்.

இன்னொன்றிலும் அவர் கண்டிப்பு. ஆரம்பித்த கதையை நடுவில் நிறுத்தக் கூடாது. மேகம் மறைத்தால் மேகம் போகும் வரை எல்லோரும் படுத்தே இருக்க வேண்டும். "அவங்க உசிரு மேல இருக்குது. நடுவுல அணைச்சா அங்கேயே மாட்டிக்கும்" என்பார்.

நான் சொல்ல வந்தது பாலம் கட்டும் என்ஜினீயர்கள் வந்த நாளைப் பற்றி.

அது தை மாதம். மெட்ராஸில் அவர்களுக்கு மாநாடு. ஒரு பஸ் நிறைய வந்தார்கள். வடநாட்டுக்காரர்கள் பாதி, வெளிநாட்டுக்காரர்கள் பாதி, சிலர் மனைவியோடு. அவர்களுக்குப் பருத்திக்குன்றத்தில் அப்பாண்டை நயினார் வீட்டில் பகல் சாப்பாடு என்று ஏற்பாடு. அவர் கோயிலுக்கு எதிர் வீட்டுக்காரர். கரும்பும் நெல்லும் பயிர் செய்கிற சமணக் குடும்பம். அவரோடு அவருடைய அக்கா பத்மாவதி அம்மாளும் இருந்தார். வீட்டுக்காரரை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். நான் கண்ணாடியோடு போகும்போதெல்லாம், "வெயில்காரரு வந்துட்டாரு, மோர் எடுத்தா" என்று குரல் கொடுப்பது அந்த அம்மாள்தான்.

அன்று காலை கண்ணாடியையும் பாய்களையும் இறக்க நான் முன்னதாகப் போயிருந்தேன். பத்மாவதி அம்மாள் கிணற்றடியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. மோர் எடுத்து வரச் சொல்லும் குரல் அன்று இல்லை. கொல்லையில் ஆட்கள் கரும்பு பிழிந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா உபவாசம்பா. வெந்நீரைத் தவிர எதுவும் வாயில வைக்கல, இன்னியோட நாலாம் நாளு. இன்னிக்கிப் பாரணை" என்றார் நயினார்.

பாரணை என்றால் உபவாசத்தை முடித்துச் சாப்பிடுவது. எப்போது முடிப்பார் என்று கேட்டேன்.

"வந்தவங்களுக்குப் போட்டுட்டுத்தான். எல்லாரும் சாப்ட்டு எழுந்தப்புறம் கரும்புச் சாறு. அதான் அவங்க சங்கல்பம். மத்தியானத்துக்குள்ள வந்துருவாங்க இல்ல?"

"வந்துருவாங்க நயினாரே."

பட்டுக் கடையை நான் நினைக்கவில்லை.

மத்தியானம் போயிற்று. பஸ் வரவில்லை. பிழிந்த சாறு புளித்துப் போக, அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றினார்கள். பஸ் வந்து நின்றபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஒவ்வொரு கையிலும் துணிக்கடைப் பை. நயினார் வாசலுக்கு வந்து கைகூப்பி, "வாங்க, எலை போட்டிருக்குது" என்றார். மாநாட்டுக்காரர்களோடு வந்த பொறுப்பாளர், மெட்ராஸ்காரர், நல்ல மனிதர்தான், அவர் சிரித்துக்கொண்டே, "சாப்பாடு எங்க ஓடிடப் போகுதுங்க? வழியில பலகாரம் ஆச்சு. கோயிலைப் பார்த்துட்டு நிதானமா உக்காருவோம். நிலா வெளிச்சத்துல சாப்ட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

சூரியன் மறைந்த பிறகு அந்த வீடுகளில் யாரும் சாப்பிட மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு அடுப்பு எரியாது. ஒரு பூச்சி விழுந்து சாகக் கூடாதே என்றுதான். ஊருக்கே தெரிந்த அந்த விஷயம் அவருக்குத் தெரியவில்லை. நயினார் வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, "சரிங்க" என்றார். பஸ்ஸோடு வந்த காப்பாளர் அப்போது முன்னால் நடந்து மண்டபத்துக்குள் போய்விட்டிருந்தார். அம்மாளின் உபவாசம் அவருக்கும் தெரியாது.

என்ஜினீயர்கள் உள்ளே போனதும் ஓவியத்தைக் கேட்கவில்லை. கல் உத்தரத்தின் நீளம் என்ன, அதைத் தூக்கி வைத்தது எப்படி என்று தூணைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காப்பாளர் பொறுமையாக எல்லோரையும் பாயில் படுக்க வைத்தார். பேச்சு அடங்கியது. செருமல் கேட்டது. நான் கண்ணாடியைத் திருப்பினேன்.

அந்தச் சத்தம் வந்தது. அன்று அது கொஞ்சம் நீளமாகவே வந்தது. சாயங்கால வெயிலுக்கு ஒரு பொன்நிறம் உண்டு. உச்சி வெயிலில் வெளுத்துப்போகும் சிவப்பும் காவியும் அந்த வெயிலில் நேற்றுத் தீட்டியவை போல எழுந்து வரும். இந்திரன் ஆடுவது, அரசர்கள் பல்லக்கில் வருவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நகர்ந்துகொண்டிருந்தன. காப்பாளரின் குரல் நின்று நின்று கேட்டது.

நயினார், கோயில் வாசல் வழியாக வந்து என் பக்கத்தில் நின்றார். நான் திரும்ப முடியாது. கண்ணாடி விளிம்பைப் பார்த்தபடியே பேசினேன்.

"இன்னும் எவ்வளவு இருக்குதுப்பா?" என்று கேட்டார்.

"பாதிகூட ஆகல நயினாரே."

"பொழுது எங்க இருக்குது பார்."

"நான் பார்க்கக் கூடாது. கண்ணு கூசும். நீங்களே சொல்லுங்க."

"தென்னமரத்து மேல இருக்குது." எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அக்கா வாசப்படியில உக்காந்துட்டாங்க. நிக்க முடியல" என்றார்.

"உள்ள போய்ச் சொல்லிடுங்க. விஷயம் தெரிஞ்சா எல்லாரும் எழுந்து வந்துடுவாங்க."

"சொல்லக் கூடாதுப்பா. நான் பட்டினி கிடக்கேன், நீ வந்து சாப்டுன்னா அது சோறு போடறது ஆகுமா? கேட்டு வாங்கற மாதிரி ஆயிடும். அக்கா ஒத்துக்க மாட்டாங்க. ஒருதரம் கூப்பிட்டாச்சு. அதுக்கு மேல இல்ல. நீயும் சொல்லிடாத, சத்தியம்."

"இன்னிக்கி முடியலன்னா?"

"நாளைக்கு யாராவது வருவாங்களான்னு பார்க்கணும். நேத்து ராத்திரியே கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சுப்பா. இன்னொரு ராத்திரி தாங்குமான்னு எனக்கு பயமா இருக்குது."

அவர் போய்விட்டார். என் விரல் நாடி அடித்தது. உள்ளே வெளிச்சம் ஆடியிருக்க வேண்டும். "சகாயம்!" என்று காப்பாளர் மெதுவாகக் கூப்பிட்டார். நான் கண்ணாடியைத் தொடையில் அழுத்திக்கொண்டேன்.

உள்ளே அப்போது ரிஷபதேவரின் கதை நடந்துகொண்டிருந்தது. அவர்தான் முதல் தீர்த்தங்கரர். அரசைத் துறந்து, மாதக்கணக்கில் உண்ணாமல் இருந்து, பிறகு உணவுக்காக ஊருக்குள் நடந்து வருகிறார். துறவிக்குச் சோறு போட வேண்டும் என்று அதுவரை உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர்தான் முதல் துறவி. காப்பாளர் சொல்வது எனக்குக் கேட்டது. "பாருங்க, ஒருத்தர் யானையைக் கொண்டு வந்து நிறுத்தறார். ஒருத்தர் குதிரை. இவங்க நகை. இவர் தன்னோட பொண்ணையே கூட்டிக்கினு வரார். அவர் எதையும் வாங்காம நடந்து போறார். அவருக்கு என்ன வேணும்னு ஊர்ல யாருக்கும் தெரியல."

நயினார் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். சொல்லக் கூடாது. சத்தியம் இல்லாவிட்டாலும் அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் போய் நின்று பேச என்னால் ஆகியிருக்காது. என்னிடம் இருந்தது ஒரு கண்ணாடி மட்டும்தான். ஆரம்பித்த கதையை நடுவில் அணைக்கக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான் கண்ணாடியை இறக்கி, முகம் கீழே இருக்கும்படி மண்ணில் படுக்க வைத்தேன்.

உள்ளே 'ஓ' என்று ஒரு குரல் எழுந்தது. மேகம் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். யாரும் எழவில்லை. கடைசியில் காப்பாளர் வெளியே வந்தார்.

"மேகமா?"

"இல்ல சார்."

"கை வலிக்குதா?"

"இல்ல சார்."

அவர் மண்ணில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். தென்னமரத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்த சூரியனைப் பார்த்தார். நான் எதிர்வீட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பத்மாவதி அம்மாள் வாசற்படியில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொல்லையிலிருந்து மறுபடி கரும்பு பிழியும் சத்தம் வந்தது. காப்பாளர் பருத்திக்குன்றத்துக்குப் புதியவர் அல்ல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு நேரம் ஏன்பா பிடிச்சுக்கினு இருந்த?" என்றார்.

அவ்வளவுதான். உள்ளே போனார். எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பொறுப்பாளர் வானத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வெளிச்சம் போச்சுன்னீங்க, வெயில் இவ்வளவு இருக்குதே?" என்றார்.

"இது சாப்பாட்டு வெயில்" என்றார் காப்பாளர். சிரிக்காமல் சொன்னார்.

கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். பத்மாவதி அம்மாள் எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. நேராக நின்று, ஒவ்வொரு இலையாகக் குனிந்து பரிமாறினார். பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், மோர்க்குழம்பு, பாயசம். ஒரு வெளிநாட்டு அம்மாள் உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று கேட்க, மண்ணுக்குள் விளைகிறதை இந்த வீட்டில் சமைப்பதில்லை என்று நயினார் சொன்னதைப் பொறுப்பாளர் மொழிபெயர்த்தார். இலைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சினார்.

அவர் வயதானவர், வெளிநாட்டுக்காரர். நல்ல உயரம். சம்மணம் போட முடியாமல் காலை ஒரு பக்கமாக மடக்கி, சோற்றை விரலால் எடுக்கத் தெரியாமல் எடுத்து, மிகவும் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நயினார் வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். வெயில் கூடத்துச் சுவரில் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர் இலையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் பாயசம் கிடைக்குமா என்று சைகையில் கேட்டார். நயினார் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்மாவதி அம்மாளின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "குடுக்கறேன்யா, உக்காருங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனார். நாங்கள் எல்லோரும் வாசல் பக்கம் பொழுதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் ஒரு முறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாத்திரத்தைக் கொண்டு வந்து ஊற்றினார். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

பெரியவர் எழுந்து கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். நயினார் சாற்றுச் செம்போடு ஓடி வந்தார். பத்மாவதி அம்மாள் கிணற்றடி ஓரம், மேற்கு வெயில் முகத்தில் பட நின்று, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தார். உபவாசம் முடிக்கும்போது முதல் வாய் அப்படி உள்ளங்கையில் வாங்குவது அந்த வீட்டு வழக்கம். நயினார் அவசரமாகச் சாய்த்ததில் சாறு கொஞ்சம் சிந்தியது. "மெதுவாப்பா" என்றார் அம்மாள். குடித்தார். பாலாற்றுப் பக்கம் சூரியனின் விளிம்பு இன்னும் மிச்சமிருந்தது.

பெரியவர் ஈரக் கையோடு நின்று அதைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்திருக்கும்? வீட்டுப் பெண்மணி கடைசியில் ஏதோ குடிக்கிறார், அவ்வளவுதான். பஸ் ஏறும்போது அவர் காப்பாளரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கதை பாதியில் நின்றுவிட்டதே, அந்த மனிதருக்கு ஊரார் கடைசியில் என்னதான் கொடுத்தார்கள் என்று கேட்டாராம். காப்பாளர், "வெயில் வந்தால் தெரியும்" என்றாராம்.

மறுநாள் அந்தப் பெரியவர் காட்சிசாலை வாசலில் வந்து நின்றார். மாநாட்டை விட்டுவிட்டு, தனியாக, மெட்ராஸிலிருந்து பஸ் பிடித்து. காப்பாளர் வேறு வேலையாக வெளியூர் போயிருந்தார். எனக்கு ஆங்கிலம் நாலு வார்த்தைதான் வரும். அவருக்கோ தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாது. குதிரை வண்டியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருவரும் பேசாமல் பருத்திக்குன்றம் போனோம். வெளியே கண்ணாடி பிடிக்க ஆள் இல்லையே என்று நயினாரிடம் சொன்னேன். "நான் பிடிக்கறேன்பா, வெயில்ல நிக்கறது எனக்கென்ன புதுசா?" என்றார். எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டு, சின்னக் கண்ணாடியோடு நான் உள்ளே போனேன். பத்மாவதி அம்மாளும் பின்னாலேயே வந்து தூணோரம் உட்கார்ந்தார். வெளுத்திருந்த முகத்தில் நிறம் திரும்பியிருந்தது.

பெரியவர் பாயில் படுத்தார். நான் செருமினேன். வெயில் வந்தது. நயினாரின் கை பழகாத கை. வெளிச்சம் கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. யானையைக் காட்டினேன். குதிரையைக் காட்டினேன். நகைத் தட்டுகளையும் பெண்ணையும் காட்டினேன். விளக்கம் சொல்ல எனக்கு மொழி இல்லை. அடுத்த கட்டத்துக்கு வெயிலை நகர்த்தினேன்.

அதில் ஓர் அரசன் குடத்தைச் சாய்த்துக் கரும்புச் சாறு ஊற்றுகிறான். ரிஷபதேவர் நின்றபடி இரண்டு உள்ளங்கையையும் குவித்து வாங்குகிறார்.

பெரியவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு எழுந்து உட்கார்ந்தார். மேலே பார்த்தார். தூணோரம் உட்கார்ந்திருந்த பத்மாவதி அம்மாளைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். முந்தின நாள் அவர் கேட்டு வாங்கிய பாயசமும், அவர் எழும் வரை அந்த அம்மாள் பக்கத்தில் நின்றதும், கிணற்றடியில் குவிந்த கைகளும் ஒன்றோடொன்று போய்ச் சேருவது அவர் முகத்தில் தெரிந்தது. நாங்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

அவர் எழுந்தார். அவ்வளவு உயரமான மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கி அம்மாள் முன்னால் போய் நின்றார். கும்பிடத் தெரியாதவர். கையைச் சேர்க்கப் போய், எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல், மேலே கண்டபடியே குவித்து நீட்டிக்கொண்டு நின்றார்.

அம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "பாவம் சகாயம், அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காரு, பசி போல இருக்குது. பொழுது நல்லாத்தான் இருக்குது. எலை போடச் சொல்லு" என்றார்.